பந்தக்கால் ஏறிய வண்டி

பருத்திப்பட்டு மூங்கில் புதரண்டை அன்று காலை இருந்தவர்கள் நான்கே பேர்: பந்தல்காரர் பரந்தாமன், அவர் தங்கை கெங்கம்மாள், அவள் கணவர் துலுக்கானம், வண்டித் தரகர் மணவாளன். நேரில் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம். ஆவடி பட்டாளத்து டிப்போவில் கழித்துவிட்ட வண்டிகளில் இரண்டை மணவாளன் ஏலத்தில் எடுத்திருந்தார். ஒன்று, நாலு பக்கமும் அடைத்துப் பின்னால் கதவு வைத்த வேன். மற்றது பின்பக்கம் திறந்த பிக்கப். இரண்டையும் ஒருநாள் தொழிலுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று பரந்தாமனிடம் கொண்டுவந்து நிறுத்தினார்.

பரந்தாமன் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். வேன்தான். பழைய கீற்றையும் கறை பிடித்த கயிற்றையும் கடப்பாரையையும் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போவது தம் குடும்பத்துக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம்.

"இத்தினி வருசமா மாட்டு வண்டியில போச்சே, அப்போ யாரு போர்வ போத்திகினு போனா?" என்றாள் கெங்கம்மாள்.

"அது மாட்டு வண்டி. இது மோட்டாரு."

"உள்ள வெச்சிப் பூட்டிகினு போறதுக்குக் கீத்து இன்னா காசு மாலையா மச்சான்?" என்றார் துலுக்கானம். யுத்த காலத்தில் டிப்போவில் லாரி ஓட்டியவர்; வண்டி விஷயத்தில் அவருக்கு வாய் நீளம்.

பரந்தாமன் வேனின் பின்கதவைத் திறந்தார். அன்று மேனாம்பேட்டில் தேவராஜ் மகளின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடவேண்டும். ஒன்பதரைக்குள் நல்ல நேரம். நேரம் தவறினால் மேனாம்பேட்டுக் கல்யாணங்கள் இனி முகப்பேர் பந்தல்காரர் வேம்புலியின் கைக்குப் போய்விடும். பரந்தாமனின் தகப்பனார் காலத்திலிருந்து அந்த ஊரில் வேறு எவரும் முதல் கால் நட்டதில்லை.

பந்தக்கால் என்றால் அன்று காலை வெட்டிய பச்சை மூங்கில். நுனித் தழை முறியக்கூடாது, தரையில் படக்கூடாது, கல்யாண வீட்டு வாசலில் நுனிதான் முதலில் நுழைய வேண்டும். வேனிலிருந்து நுனி முதலில் இறங்க வேண்டுமானால் அடிப்பக்கம் உள்ளேயும் நுனி வெளியேயுமாகத்தான் ஏற்ற வேண்டும். மூங்கில் பன்னிரண்டு அடி, வேன் எட்டு அடி. கதவைத் திறந்துவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நாலடித் தழை பின்னால் ஆடியது.

"மூடுன வண்டி ரொம்ப லச்சணமா கீது அண்ணாத்தே" என்றாள் கெங்கம்மாள்.

மணவாளன் ஓட்ட, பரந்தாமன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து முன்னே போனார். தழை கழித்த மற்ற மூங்கில்களைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு தங்கையும் கணவரும் பின்னால் வருவதாக ஏற்பாடு.

திருமுல்லைவாயிலுக்கு அருகே வேன் கொதித்து நின்றது. மணவாளன் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற, பரந்தாமன் முன்னால் நின்று ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்த வண்டியில் முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. இதை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

பிக்கப் வந்து நின்றது. கெங்கம்மாள் இறங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பரந்தாமன் வேனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரு பசுமாடு கண்ணை மூடி, நிதானமாக, கடைசித் தழையை மென்றுகொண்டிருந்தது.

"அதுக்கும் தெரிஞ்சிகீது மச்சான், நல்ல எடத்துப் பந்தக்கால்னு" என்றார் துலுக்கானம்.

பரந்தாமன் மொட்டையான நுனியைத் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் கெங்கம்மாளின் சிரிப்பு நின்றது.

"மணி எட்டுகூட ஆவல. மூங்கிலெல்லாம் இங்கயே எறக்கு. இவரு வண்டிய திருப்பட்டும். வேற ஒண்ணு வெட்டிகினு வந்துடலாம். ஏறு அண்ணாத்தே."

"எங்க ஏறுறது?"

"பின்னாலதான். பந்தக்கால யாரு புடிச்சிக்கறது, நானா?"

அவர் ஏறினார். பருத்திப்பட்டுக்குத் திரும்பிப் புது மூங்கில் வெட்டினார்கள். அடி பிக்கப்பின் பலகையில் ஊன்ற, நடுப்பகுதி கூரைமேல் சாய, நுனி வண்டிக்கு முன்னே உயரத்தில் ஆடியது. பரந்தாமன் பின்னால் நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி, வழி நெடுக எல்லார் கண்ணிலும் பட்டு வந்தார். அம்பத்தூர்க் கடைத்தெருவில் இரண்டு பேர் எழுந்து கும்பிட்டார்கள். மூங்கிலையா தம்மையா என்று அவர் ஆராயவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தார்.

ஒன்பதேகாலுக்கு நுனி முதலில் தேவராஜ் வாசலில் நுழைந்தது. குலவைச் சத்தம் எழுந்தது.

"இன்னா நைனா, வேன எங்க கொண்டாந்து உடட்டும்?" என்று, ஆறிய வண்டியோடு பின்னால் வந்துசேர்ந்த மணவாளன் கேட்டார்.

"ரொட்டிக் கடைக்காரன் எவனாவது கேப்பான், அவனுக்குக் குடு" என்றார் பரந்தாமன். "பிக்கப்பு எங்கிட்டயே நிக்கட்டும்."

"தெருவெல்லாம் பாக்குமே அண்ணாத்தே?" என்றாள் கெங்கம்மாள்.

"பாக்கட்டும்" என்றார் அவர், தோளில் ஒட்டிய மூங்கில் சுணையைத் தட்டிவிட்டுக்கொண்டு.

பரந்தாமன் பந்தக்காலைக் கழுதை தின்றுவிட்டது என்று மேனாம்பேட்டில் இன்றும் சொல்கிறார்கள். கழுதை அல்ல. பசுமாடு.