பதினோராம் அத்தியாயத்துக் கடல்

பிரகாசி எழுதிக்கொண்டிருந்த நாவலிலிருந்து கடல் எழுந்து அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினோராம் அத்தியாயத்தின் பாதியில், இட்லி வேகிற நேரத்தில் வந்தாள். அடுக்களையில் இடம் பற்றவில்லை. முந்தானை மட்டும் உள்ளே, மீதி எல்லாம் தெருவில் கிடந்தது.

"என்ன இந்த நேரத்துல?" என்றாள் பிரகாசி.

"இனி என்னால முடியாதுட்டி," என்றாள் கடல். "மொத நாவல்ல என்னைத் தாய்மைன்னு எழுதின. ரெண்டாவதுல விடுதலைன்னு எழுதின. கூட்டம் போட்டுப் பேசினவங்க காமம்னாங்க, கருப்பைன்னாங்க, ஆதித்தாய்னாங்க. ஒருத்தியாவது சாப்பிட்டியான்னு கேட்டாளா? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுதாங்க. ஊருக்கெல்லாம் உப்பிட்டவ நான். என்னை யாரு நினைச்சா?"

பிரகாசிக்குச் சுருக்கென்றது. நியாயந்தானே? பெண்ணின் கோபம், பெண்ணின் கண்ணீர், பெண்ணின் ஆழம் என்று அத்தனையையும் அள்ளிக் கடலின் தலையில் ஏற்றிவிட்டது யாராம்? எழுதுகிறவளுக்கு என்ன, பேனாவைத் திறந்தால் கடல். சுமக்கிறவளுக்கல்லவா இடுப்புவலி தெரியும். உப்புப் போடாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கடல் ஒரு மடக்கில் குடித்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள்.

ஆனால் அங்கே, பதினோராம் அத்தியாயத்தில், சூசம்மா தவித்துக் கிடந்தாள். நாவலின் நாயகி அவள். அடிக்கிற புருசனை விட்டுவிட்டுப் பாய்மர வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கடல் கிளம்பி வந்திருந்தாள். வள்ளம் சேற்றில் நின்றது. புருசன் லூக்காஸ் கம்போடு மணலில் வந்துகொண்டிருந்தான். எழுதினதை அடித்துவிடலாமே என்றால், அடித்தால் சூசம்மா மறுபடியும் அவன் வீட்டுக்குத்தான் போய் நிற்பாள். பெற்ற பிள்ளையை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்?

'இன்னைக்கு மட்டும் போயிட்டு வாயேன்' என்று கேட்க வாய் வரை வந்தது. தூங்குகிற கடலின் முகத்தில் அத்தனை அசதி. பிரகாசிக்கு எழுப்ப மனசில்லை.

"நீ படுத்துக்கோ, நான் பாத்துக்கிடுதேன்," என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பதினோராம் அத்தியாயத்துக்குள் போனாள். வள்ளத்துக்கு அடியில் கடலாகப் படுத்தாள். முதலில் முதுகு கூசியது, பிறகு பழகிவிட்டது.

வள்ளம் எழும்பியது, ஆனால் நகரவில்லை. லூக்காஸ் இடுப்பளவு இறங்கிவிட்டான். அவன் மிதித்த இடமெல்லாம் பிரகாசிக்கு வலித்தது. வள்ளத்துக் கயிறு அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆடியது.

அந்நேரம் இங்கே வீட்டில், காணிக்கை என்று பேருள்ள பிரகாசியின் புருசன் சாப்பிட வந்தான். கடலின் முந்தானையைத் தாண்டி, மேசையில் திறந்து கிடந்த பக்கத்தை நின்றபடியே படித்தான்.

"காத்து இல்லாம பாய் எப்பிடி விரியும்? இதக்கூட யோசிக்க மாட்டா," என்று முணுமுணுத்தான். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளுகிற மேல்காற்றாக வீச அந்தப் பக்கத்துக்குள் போனான்.

பாய் விரிந்தது. லூக்காஸ் பிடித்த கயிறு கைநழுவிப் போனது. கரை கண்ணுக்கு மறைந்ததும், சூசம்மா முதல் தடவையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, கையைத் தண்ணீரில் போட்டு அளைந்தாள். பிரகாசிக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்துவிட்டாள்.

"ஏட்டி, ஆடாம கெட. வள்ளம் கவுந்துரும்," என்றது மேல்காற்று.