பார்வையாளர் அட்டை

மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கருகிப்போன கேபிள் முனையை அவர் சுரண்டிக்கொண்டிருந்தபோது பம்ப் அறை வாசலில் காவலாளிகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. அவர்களில் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் இரண்டு பம்ப்கள் காதைப் பிளந்துகொண்டு ஓடும்போது கனைப்பு யாருக்குக் கேட்கும்? கடைசியில் சின்னவன்தான் கிட்டே வந்து தோளைத் தொட்டான். தினமும் காலையில் கேட்டைத் திறந்துவிட்டு, "என்னண்ணே, டீ ஆச்சா?" என்று கேட்கிறவன். இன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, உங்க பாஸை நிறுத்திட்டாங்களாம். இப்பவே வெளிய கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எங்கே ஓடிப்போகப் போகிறார்? ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் இந்த நிலையத்தில் அவர் சேர்ந்தபோது சின்னவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். இங்கே யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மோட்டார்க்காரர். எந்த பம்ப் எப்போது முனகும், எது எப்போது சண்டித்தனம் செய்யும் என்பதெல்லாம் கூட வேலை செய்கிறவர்களின் குணத்தைப் போல அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரை ஆளுக்கொரு பக்கமாக நின்று, திருடனைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார்கள். கையைக் கழுவிக்கொள்ளக்கூட விடவில்லை. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் திடீரென்று தங்கள் செருப்பை ஆராய ஆரம்பித்தார்கள்.

காரணம் தெரியாததல்ல. வெயில் காலம் தொடங்கும்போதே சட்டம் வந்துவிட்டது. தண்ணீர், மின்சாரம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் வைத்திருந்தால் அதைத் துறந்துவிட வேண்டும். இல்லையென்றால் வேலை கிடையாது. இவருக்கு இரண்டு இருந்தன, பிறந்த நாடும் இந்த நாடும். இரண்டையும் சட்டப்படிதான் வைத்திருந்தார். இந்த நாட்டுக்காரர் ஆனபோது இதே அரசாங்கம்தான், பழையதையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கைகுலுக்கியது. அன்றைக்குக் குலுக்கிய கை இன்றைக்குக் கழுத்தைப் பிடிக்கிறது. இரண்டு குடியுரிமை உள்ளவர் யாராவது ஒரு நாள் ஊர்த் தண்ணீரில் எதையாவது கலந்துவிடுவாராம். அந்தத் தண்ணீரைத்தான் அவர் குடிக்கிறார், அவர் மகள் குடிக்கிறாள். இது எந்த மூளையில் உதித்ததோ!

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சட்டத்தில் 'நட்பு நாடுகள்' என்று ஒரு விலக்கு இருந்தது. அந்த நாடுகளின் குடியுரிமை இருந்தால் தோஷமில்லை. நிலையத்தின் மேலாளருக்கு அப்படி ஒன்று இருந்தது, தாய்வழித் தாத்தா மூலமாக வந்தது. அந்த நாட்டை அவர் பார்த்தது ஒரே ஒரு விடுமுறையில். விமான நிலையத்தில் நீள வரிசையில் நிற்காமல் சல்லென்று போய்விடலாம் என்று தேநீர் நேரத்தில் அவரே பெருமையாகச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் ஒருநாளும் தண்ணீரில் எதையும் கலக்க மாட்டார். தாத்தா அவ்வளவு நல்ல நாட்டில் பிறந்திருக்கிறார்.

இத்தனைக்கும் மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். முன்பே ஒருநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். வெறும் காகிதம்தானே, கொடுத்துவிட்டால் மனதில் இருப்பதை யாராவது பறித்துக்கொள்ள முடியுமா என்றார். மோட்டார்க்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் யோசிக்கவில்லை. கொடுக்கப் போவதில்லை என்பது சட்டம் வந்த அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. பிறந்த நாட்டில் அவருக்கு ஒரு தம்பி. நாற்பதை நெருங்கும் ஆள்தான், ஆனாலும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள இன்னொரு கை வேண்டும். பேச்சு வராது. அண்ணன் குரல் ஃபோனில் கேட்டால் ஒரு சத்தம் போடுவான். அது சிரிப்பு என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மா போனபிறகு நீதிமன்றம் அண்ணனைத்தான் காப்பாளராகப் போட்டது. அந்த நாட்டுச் சட்டப்படி காப்பாளர் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். அவர் பெயரில்தான் தம்பி சித்தப்பா மகள் வீட்டில் இருக்கிறான். அந்தப் பெயர் விலகினால் அவனை அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த விடுதியை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறார். ஜன்னல்கள் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் நூலாக வந்து நின்றுவிட்டது. இவர்கள் வீடு மேட்டுத் தெருவில். மூன்று பம்ப்பும் ஓடினால்தான் கோடையில் மேலே ஏறும். அழுக்குக் கையோடு வேளை கெட்ட வேளையில் வந்து நின்றவரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரை மொண்டு கையில் ஊற்றினாள். அவளும் அதே நாட்டில் பிறந்தவள்தான். இங்கே வந்த புதிதிலேயே பழைய குடியுரிமையைத் துறந்துவிட்டாள், ஃபோனில் சிம் மாற்றுவது போல. இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் யார் மாற்றி மாற்றிப் புகைப்படம் எடுப்பது என்று அப்போது கேட்டாள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இல்லாவிட்டால் தம்பிக்கு அவளையே காப்பாளராகப் போட்டிருக்கலாமே என்று இவர் பலமுறை நினைத்ததுண்டு. சொன்னதில்லை.

"ஏங்க, தம்பி விஷயத்தைச் சொல்லிப் பாருங்களேன். அவங்களும் மனுஷங்கதானே. மனசு இரங்கி, உங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாங்க."

அவருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "இரங்கறதுக்கு நான் என்ன பிச்சையா கேட்கிறேன்? மேலாளரு என்ன, தாத்தாவைக் காட்டிக் கெஞ்சியா அவரோடதை வச்சிருக்காரு? யாராவது ஏன்னு கேட்டாங்களா அவரை? நான் மட்டும் எந்தம்பியை நடு வீதியில நிறுத்தி, பாருங்க இவனுக்குப் பொத்தான் போடத் தெரியாதுன்னு காட்டணுமா?"

"கத்தாதீங்க. பொண்ணு படிக்கிறா."

"தம்பி இல்லாட்டியும் கொடுத்திருக்க மாட்டேன். அதைச் சொல்ல விட மாட்டேங்கறாங்களே, அதுதான் எரியுது."

சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. பிறந்த நாட்டை அவர் தலையில் வைத்துக் கொண்டாடியவர் அல்ல. அங்கே மின்சாரம் போனால் திட்டுவார், இங்கே வரி ஏறினால் திட்டுவார். இரண்டு இடத்தையும் திட்டுகிற உரிமை தனக்கு உண்டு என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். உள்ளறையில் மகள் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கும் இரண்டு இருந்தன. அவளை இன்னும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சட்டையை மாற்றும்போதுதான் இடுப்புச் சங்கிலியில் பம்ப்பில் போட்ட பூட்டின் சாவி கையில் தட்டுப்பட்டது.

நிலையத்தில் மற்றச் சட்டங்களை எல்லாம் வளைக்கலாம், ஒன்றை மட்டும் வளைக்க முடியாது. மோட்டாரில் கை வைக்கிறவர் முதலில் அதன் ஸ்விட்சை அணைத்து, தன் பூட்டைப் போட வேண்டும். சிவப்புப் பூட்டு, அதில் அவர் புகைப்படம் தொங்கும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். முன்பு ஒருநாள், யாரோ அவசரத்தில் ஸ்விட்சைப் போட, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த வெல்டரின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது. ஆள் வெளியூர் போயிருந்தாலும் அவரே ஃபோனில், நான் உள்ளே இல்லை, வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னால்தான் பூட்டை வெட்டலாம். இன்றைக்கு அவரை வெளியே தள்ளுகிற அவசரத்தில் மூன்றாம் பம்ப்பில் தொங்குகிற பூட்டை யாரும் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் அவரும் மறந்துவிட்டார். தொழிலுக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு தப்பை அவர் செய்ததில்லை.

கிடக்கட்டும் என்று நினைத்தார். நன்றாக நினைத்தார். மேட்டுத் தெரு முழுக்கக் காய்ந்துபோய்க் குடத்தோடு அலுவலக வாசலுக்குப் போகட்டும், ஆபத்தான ஆளை விரட்டிவிட்டோம் என்று மேலாளர் அவர்களுக்கு விளக்கம் சொல்லட்டும். அந்த நினைப்பு வாய்க்கு இனிப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை குளிக்கணும் என்று அழுகிற சத்தமும், குளிப்பாட்டத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அதன் அம்மா சொல்லுகிற சத்தமும் வரும்வரை இனிப்பாக இருந்தது.

ஃபோன் வந்தது. மேலாளர்தான். நலம் விசாரித்தார்! பிறகு வந்தார் விஷயத்துக்கு. வெளியிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார், மிச்ச வேலையை அவர் முடித்துவிடுவார், வெல்டர் வெட்டும் கருவியோடு தயாராக நிற்கிறார்.

"நீங்க ஒண்ணும் வரவேண்டாம். ஃபோனை ஸ்பீக்கர்ல போடறேன். நான் உள்ளே இல்லை, என் பூட்டை வெட்டிக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான். நெஞ்சு வரைக்கும் வந்தது, நாக்கு மறுத்துவிட்டது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர்களுக்கு, தள்ளிவிட்டீர்கள் என்பதற்குச் சாட்சியும் அவரே சொல்ல வேண்டுமாம்.

"எம்பூட்டை நானே எடுக்கிறேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.

கேட்டில் சின்னவன் நின்றான். பாஸ் இல்லாதவரை உள்ளே விடப் பார்வையாளர் அட்டை கொடுக்க வேண்டும். அவன் கணினியில் ஒவ்வொன்றாகக் கேட்டான். பெயர் கேட்கும்போது தடுமாறினான், அவனுக்குத் தெரியவில்லை. சொன்னார். அடுத்த கேள்வியில் நின்றுவிட்டான்.

"எந்த நாடுன்னு கேட்குதுண்ணே."

"ரெண்டு."

"ஒண்ணுதான் எடுத்துக்குது."

"அப்ப நீயே ஒண்ணைப் போட்டுக்கோ."

அவன் எதையோ போட்டான். எதை என்று அவர் கேட்கவில்லை. மஞ்சள் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு காவலாளிகளுக்கு நடுவே, தான் குழாய் பதிக்க நின்ற பாதையில், தான் விளக்குப் போட்ட கம்பங்களைத் தாண்டி நடந்தார்.

பம்ப் அறையில் வெல்டர் மூன்று விரல் கையில் வெட்டும் கருவியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, "நான் வெட்டியிருக்க மாட்டேன்ப்பா" என்று மட்டும் சொன்னார். வெளியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஓரமாக ஒதுங்கி நின்று வெளிச்சம் பிடித்தார். நல்ல மனிதர்தான். கேபிள் முனைகளை இறுக்கி, மூடியைப் போட்டு, சுற்றிலும் எல்லோர் கையும் வெளியே இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மோட்டார்க்காரர் தன் பூட்டைத் திறந்தார். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் ஒரு முறை உறுமி, தயங்கி, ஓட்டத்தைப் பிடித்தது. கைவைத்துப் பார்த்தார். அதிர்வு சீராக இருந்தது.

மேலாளர் அவரைத் தனியே ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். இரைச்சலில் காதருகே வந்து பேச வேண்டியிருந்தது. பார்த்தீர்களா, நீங்கள் இல்லாமல் எங்களுக்கு ஆகாது என்றார். அந்தக் குடியுரிமையைத் துறந்துவிட்டு வந்தால் நாளைக்கே பழையபடி சேர்த்துக்கொள்ளத் தான் பொறுப்பு என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"நீங்க எப்ப சார் துறக்கிறீங்க?"

மேலாளருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு முகம் சிவந்தது. "அது வேற நாடு. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

"என்னுதும் வேற நாடுதான் சார்."

"சட்டத்தை நானா போட்டேன்? உங்களுக்கு ஏதாவது விசேஷமான காரணம் இருந்தா சொல்லுங்க. எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன். ஏதாவது இருக்கா?"

இருந்தது. தொண்டையில் இருந்தது. தம்பியின் பெயர், அந்தச் சிரிப்பு, உயரத்து ஜன்னல்கள் எல்லாம் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தால் மேலாளரின் கண் கலங்கும், கையைப் பிடித்துக்கொள்வார், இதை முன்னாடியே சொல்லக்கூடாதா என்பார். வேலையும் ஒருவேளை கிடைத்துவிடும். மகள் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தன. வெல்டர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் ஒண்ணும் இல்லை சார். அது என்னுது. கொடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு நடந்தார். மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. செய்தது வீரமா வீம்பா என்று இன்னொருவர் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கோபம் மட்டும் குறையாமல் இருந்தது. அது குறையக்கூடாது என்றுகூட இருந்தது.

கேட்டில் மாலை வெயில் சாய்ந்திருந்தது. அவர் மஞ்சள் அட்டையைக் கழற்றி நீட்டினார். சின்னவன் கேட்டின் குறுக்குக் கம்பை உயர்த்தி, அட்டையை வாங்கி, வருஷக்கணக்கில் வேலை முடியும் நேரத்தில் சொல்லுகிற வார்த்தையைச் சொன்னான்.

"சரிண்ணே, காலையில பார்க்கலாம்."

சொன்னபிறகுதான் அவனுக்கு உறைத்தது. அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். அவர் வெளியே வந்து, மேட்டுத் தெருவுக்கு ஏறும் சாலையில் நின்று திரும்பிப் பார்த்தார். கம்பை இறக்க வேண்டும் என்பதே மறந்து அவன் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அவருக்கும் அவனுக்கும் நடுவே கேட் திறந்தே கிடந்தது.