பிரித்துக் கட்டிய சுமை

சங்கரன்கோவில் பூச்சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரித்துக்கொண்ட சுமையில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது. கூலித் தகராறு என்றால் கைகலந்துவிட்டு மறுநாளே சேர்ந்து டீ குடிப்பார்கள். சுமையில் கை வைத்தவனோடு மட்டும் எவனும் ஜோடி சேர மாட்டான்.

மாரிக்கண்ணன் அதைத்தான் செய்தான். அதுவும் சொந்த அக்கா புருஷனுக்கு.

சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி அண்ணாச்சி வருஷா வருஷம் ஆள் சேர்த்துக்கொண்டு சிவகிரிக்கு மேற்கே மலையேறுவார். உள்காட்டில் இடிந்து கிடக்கும் பழைய கோயிலில் பொங்கலிட்டுத் திரும்ப மூன்று நாளாகும். இந்த வருஷம் சாமான் சுமக்கத் தன் கடையில் மூட்டை தூக்கும் மாரிக்கண்ணனையும் அவன் மச்சான் பிச்சையாவையும் கூட்டிப்போனார். அடிவாரத்தில் எல்லார் முன்னாலும் சாமான்களைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு சாக்குகளில் கட்டினார்கள்.

முதல் நாள் ஏற்றத்திலேயே மாரிக்கண்ணனுக்கு இடுப்பு விட்டுப்போனது. பத்து வயது மூத்த பிச்சையா முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, "ஒன் கல்யாணத்தன்னைக்குக்கூட ஒனக்கு இப்படி வேர்க்கலியே, மாப்ள" என்றார். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு அவனுக்கு உறைத்தது.

மறுநாள் விடியும்போது பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. பிச்சையா முகம் கழுவ ஓடைக்குப் போயிருந்தார். மாரிக்கண்ணன் தன் சாக்கிலிருந்த வெல்லத்தையும் அரிசியில் பாதியையும் எடுத்து மச்சான் சாக்கின் அடியில் திணித்துக் கட்டிவிட்டான்.

பிச்சையா வந்து சாக்கைத் தோளில் ஏற்றினார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு சாக்கை ஒரு தரம் குலுக்கிச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

கோயில் இருக்கும் இடம் காட்டுக்குள்ளே திடீரென்று ஆரம்பித்தது. வேர் பிளந்த சுவர், சாய்ந்து கிடக்கும் தூண்கள், பாசி படிந்த படிக்கட்டு. எந்த ராசா கட்டியது என்று அண்ணாச்சி கதை சொல்லிக்கொண்டே ஏறினார். அந்தப் படியில்தான் பிச்சையாவுக்குக் கால் வழுக்கியது. சுமை ஒரு பக்கமாக இழுக்க, ஆள் புரண்டு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் மாரிக்கண்ணனுக்குத் தெளிவாகக் கேட்டது.

பொங்கல் நடக்கவில்லை. கம்பை வைத்துக் காலைக் கட்டினார்கள். அண்ணாச்சி கோபப்படவில்லை.

"வயசாயிட்டுவே பிச்சையா. கால் சேர்ந்தாலும் இனி மூட்டையெல்லாம் ஒமக்குச் சரிப்படாது. கடைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

பிச்சையா தரையைப் பார்த்துத் தலையாட்டினார். வேறு தொழில் தெரியாதவர்.

விழுந்த சாக்கைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் குனிந்தார். பிரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று மாரிக்கண்ணன் பாய்ந்து தடுத்தான். சாக்கு இரண்டும் இங்கேயே கிடக்கட்டும், மச்சானை நான் சுமக்கிறேன் என்றான். சொந்தமென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் மெச்சினார்கள். அவனுக்குக் காது எரிந்தது.

இறக்கத்தில் மற்றவர்கள் பனிக்குள் முன்னே போய்விட்டார்கள். முதுகில் கிடந்த பிச்சையா மெல்லப் பேசினார்.

"காலையில சாக்க ஏத்தும்போதே தெரிஞ்சிட்டு மாப்ள. நேத்துத் தூக்குன அதே சுமதான், இன்னைக்கு முடியல. ஒடம்பு போயிட்டு. ஒங்கக்காகிட்ட இத எப்படிச் சொல்ல?"

மாரிக்கண்ணன் கொஞ்ச தூரம் நடந்தான். முகத்தைப் பார்க்க வேண்டியிராததால் வாய் வந்தது.

"ஒடம்பு போகல மச்சான். என் சுமையில பாதிய ஒம்ம சாக்குல நான்தான் போட்டேன்."

கழுத்தைக் கட்டியிருந்த கை விலகியது.

"எறக்கி விடு."

பாறையில் உட்கார வைத்தான். அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போயி அண்ணாச்சிகிட்டச் சொல்லு."

"சொன்னா சந்தையில எவனும் எங்கூட மூட்ட தூக்க மாட்டான் மச்சான்."

"மாட்டான்" என்றார் பிச்சையா. "சொல்லிட்டு வந்து தூக்கு."

மாரிக்கண்ணன் ஓடிப்போய்க் குரல் கொடுத்து அவர்களை நிறுத்தினான். எல்லார் முன்னாலும் சொன்னான். அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மெச்சியவர்களில் ஒருவர் காறித் துப்பினார்.

திரும்பி வந்து குனிந்து முதுகைக் கொடுத்தான். பிச்சையா ஏறிக்கொண்டார். கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை, அவன் சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டார். அடிவாரம் வந்து சேர மறுநாள் ஆயிற்று. வழி நெடுக அப்படியேதான் வந்தார்.