காட்டன்தான்க்கா

ஞாயிற்றுக்கிழமை காலையில் விஜயராணி கிணற்றுத் தண்ணீரை வெள்ளை வேட்டித்துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குடம் நிறைந்ததும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நீலமும் ஆரஞ்சுமாகப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தூசி என்று உதறிவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் முடியாது. அந்த ஆரஞ்சு அவள் வேலை பார்க்கும் முதலிபாளையம் கம்பெனியில் ஒரு சீசன் முழுக்க ஓடிய டீசர்ட்டின் நிறம். செக்கிங்கில் அவள் கண்ணில் படாமல் ஒரு பீஸ் வெளியே போனதில்லை.

அந்தக் கிணற்றுக்கும் தென்னந்தோட்டத்துக்கும் சொந்தக்காரியான வேலாத்தாள் இளநீர்க் குலையோடு வாசலில் வந்து நிற்க, விஜயராணி சட்டென்று துணியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். தோட்டக்காரி வாய் நிறையச் சிரித்தாள். அவள் தம்பி கிட்டுசாமி மங்கலத்திலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். ஜன்னலுக்கடியில் கிடக்கும் வேஸ்ட் துணி மூட்டைகளை இன்றைக்கே ஏற்றிப் போய்த் தன் தோப்பிலும் போட்டுவிடுவானாம்.

"நீ சொன்னாப்புலயே முன்ன போட்ட துணியெல்லாம் மண்ணோட மண்ணா மக்கிப் போச்சு கண்ணு. உன்ற கையி ராசியான கையி."

அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று விஜயராணிக்குத் தெரியவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் மழை பொய்த்தது. வேலாத்தாளின் தென்னைகள் குரும்பையாய் உதிர்த்துக்கொண்டிருந்தன. மரத்தடியில் ஈரம் காக்க மூடாக்குப் போடத் துணி கிடைக்குமா என்று அவள் விஜயராணி குடியிருந்த லைன் வீட்டுக்கே வந்து கேட்டாள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்து இத்தனை வருசத்தில், நிலபுலம் உள்ள ஒருத்தி விஜயராணியின் வாசலில் நின்றது அன்றைக்குத்தான். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மலையாய்க் குவிந்து கிடந்தது. மேனேஜர் யார் வேண்டுமானாலும் அள்ளிப் போகச் சொல்லியிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கினாள்.

காட்டன்தானே கண்ணு, மக்கீருமல்ல என்று வேலாத்தாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். திருப்பூரில் சந்தேகம் வந்தால் நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். பஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகும். விஜயராணிக்கு அதுகூடத் தேவையில்லை. தொட்ட மாத்திரத்தில் பாலியஸ்டர் என்று விரல் சொல்லிவிட்டது. ஆனாலும் வாய், "காட்டன்தான்க்கா" என்றது. மறுநாளே வேலாத்தாள் தன் கிணற்றடிக் கதவை அவளுக்குத் திறந்துவிட்டாள். குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தவள் ராணி மாதிரி தண்ணீர் எடுத்தாள்.

போன மாதம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து கேன்டீனில் படம் போட்டு விளக்கினாள். பாலியஸ்டர் வெயிலில் காய்ந்து வெடித்து இற்றுத் தூளாகும். கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர மக்காது. நாளாக நாளாகத் தூளின் உடம்பெல்லாம் விரிசல் விடும். அந்த விரிசலில் சாயமும் பூச்சிமருந்தும் போய் ஒட்டிக்கொள்ளும். மண்புழு அதைத் தின்னும், மழை அதைக் கிணற்றுக்கு இழுத்து வரும். மனுச உடம்பை என்ன செய்யும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். புதுத் துணியாக இருந்தபோது ஒரே நாளில் வாரியிருக்கலாம் என்று விஜயராணி நினைத்தாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கிணற்றடிக் கதவைச் சாத்திவிடுவார்களே என்று பயந்துபோய், தன் குடத்துக்கு மட்டும் துணி கட்டிக்கொண்டாள். வேலாத்தாள் வீட்டில் அதே தண்ணீரை அப்படியே குடித்தார்கள். இதைவிடக் கேவலம் உண்டா? தம்பி தோப்புக்குப் புது மூட்டை வேண்டும் என்று வேலாத்தாள் கேட்டபோதும் மறுக்க வாய் வராமல் கொண்டுவந்து போட்டாள்.

கிட்டுசாமி வந்தார். வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். வேலாத்தாள் அடுத்ததை வாசல் வரைக்கும் உருட்டி வந்தாள். விஜயராணி உள்ளே போய்த் தீப்பெட்டியோடு திரும்பினாள். மூட்டையின் வாயிலிருந்து ஒரு துண்டை உருவி, இருவர் கண்ணெதிரே கொளுத்தினாள். துணி சுருண்டது, கறுத்துச் சொட்டியது. தரையில் மிளகு போல ஓர் உருண்டை கிடந்தது.

"ஏனுங்க, இது உருகுதுங்களே" என்றார் கிட்டுசாமி.

விஜயராணி நிமிரவில்லை. "இது மக்காதுக்கா. அங்க போட்டதும் மக்கல, நொறுங்கித்தான் கெடக்கு. கெணத்துலயும் இருக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா."

சுருட்டி வைத்த துணியைப் பிரித்து நீட்டினாள். வேலாத்தாள் அதைப் பார்த்தாள், வடிகட்டிய குடத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால், செருப்பைக் கழற்றியிருந்தால்கூட விஜயராணி தாங்கியிருப்பாள். வேலாத்தாள் தோட்டத்துக்குள் நடந்தாள். கிட்டுசாமி தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார்.

முதல் தென்னையின் அடியில் வேலாத்தாள் குத்தவைத்து ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் பரப்பினாள். நகத்தால் கிளறி நிறம் தெரிந்ததையெல்லாம் எடுத்து மடியில் போட்டாள். சற்றுத் தள்ளி விஜயராணியும் குந்தி மண்ணை அள்ளினாள். பொறுக்கப் பொறுக்க அடியிலிருந்து வந்துகொண்டேயிருந்தது. வரிசையாகத் தென்னைகள் வேலி வரைக்கும் நின்றன.

"செரி, பொறுக்கறோம்னே வெச்சுக்க" என்றாள் வேலாத்தாள், தலையைத் தூக்காமல். "பொறுக்கி எங்க கொண்டுபோயிக் கொட்டறது?"

காற்று அடித்து அவள் மடியிலிருந்ததைக் கிணற்றுப் பக்கம் வாரிக்கொண்டு போனது. விஜயராணி வியர்த்த கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். ஆரஞ்சு போகவில்லை.