இடது மூலை

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கே மார்லிஸின் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். வாப்சி கல்லூரியின் கூடைப்பந்து அணி, சீசன் முடிந்து நடக்கும் தேசியப் போட்டிக்குள் நாற்பத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் மறுபடி நுழைந்திருக்கிறது. தோற்றால் இன்றோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஜெயித்தால் சனிக்கிழமை இன்னொன்று.

சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் படம் டிவியில், பேச்சு ரேடியோவில். டிவிக்காரர்களுக்கு வாப்சி பையன்களின் பெயர்கூட வாயில் நுழையாது. ரேடியோக்காரருக்கோ எந்தப் பையன் எந்தப் பண்ணை வீட்டுப் பிள்ளை என்பது வரை அத்துப்படி.

ஜன்னலோர மேஜையில் டெல்மர் சில்லி என்ற காரக் கறிக் குழம்பில், பட்டை போட்ட இனிப்பு ரொட்டி ரோலைத் தோய்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் அந்த வட்டாரத்தின் கிராமச் சாலைகளில் தபால் கொடுத்தவர். எதிரே ராய்ஸ், பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்.

"அவங்க ஆளைப் பாத்தியா? ஏழடி. வாசல்ல குனிஞ்சுதான் வருவான்போல" என்றார் ராய்ஸ்.

"நம்ம ஒல்லிப் பய தூரத்துல இருந்தே போட்டுடுவான்."

"போடுவான். யாரும் மறிக்காம நின்னா."

மார்லிஸ் காபிக் கெட்டிலோடு வந்தாள். "டெல்மர், ரேடியோவுல இருந்து கூப்பிட்டாங்க. எழுபத்தொன்பதுல ஆட்டம் நடந்த மண்டபத்துல நேர்ல இருந்தவங்க யாராவது இடைவேளையில போன்ல பேசணுமாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"ராய்ஸும்தான் போயிருந்தான்."

"ராய்ஸ் சொன்னா தூக்கம் வரும். நீங்க சொல்லுங்க."

டெல்மரின் கையிலிருந்த ரோல் ஊறி சில்லிக்குள் விழுந்தது.

அந்தக் கதை அவருடையது என்பது ஊருக்கே தெரியும். வாப்சி ஒரு பாயிண்ட் பின்தங்கி, நான்கு விநாடி மிச்சம். வாப்சி பையன் கென்னி வோஸ் இடது மூலையில் பந்தை வாங்கி, ஒற்றைக்காலில் எம்பி, விட்டான். வளையத்தில் இரண்டு முறை தட்டி உள்ளே விழுந்தது. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அதைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் அங்கே இல்லை.

டிக்கெட் இரண்டு சட்டைப்பையில் இருந்தது நிஜம். அன்று பனியும் மழையுமாகக் கொட்டியது. வழியில் அவருடைய பிக்கப் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. ஒரு விவசாயி டிராக்டர் கட்டி இழுத்துவிட்டபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. பக்கத்துப் பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தி, அவரும் மனைவி ஆர்லீனும் ரேடியோவில் கேட்டார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஆர்லீன் தன் பாதங்களை அவருடைய கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டாள். வோஸ் போட்ட பந்து விழுந்ததும் எட்டி ஹாரனை அழுத்தினாள், கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் தபால் நிலையத்தில் ஒருவர், "நேத்து பாத்தீங்களா?" என்று கேட்டார். யோசிப்பதற்குள் வாய் ஆமாம் என்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஆர்லீன் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் காபி கொண்டுவருவதாக எழுந்து போய்விடுவாள். அவள் இறந்து மூன்று வருஷமாகிறது. அந்த ஹாரனை நினைத்துக்கொள்ள இப்போது அவர் ஒருவர்தான்.

ஊருக்குள் சொன்னது ஒரு மாதிரி. ரேடியோவில், ஜில்லா முழுக்கக் கேட்க, அதையே எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்லிவிட்டால், இந்த மேஜையில் நாளைக்கு எந்த முகத்தோடு உட்காருவது?

ஆட்டம் தொடங்கியது. ஏழடிக்காரன் வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்டான். டெல்மர் டிவியைப் பார்க்கவே இல்லை. இடைவேளைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ராய்ஸ் மேஜைமேல் குனிந்தார்.

"இடது மூலைன்னு சொல்லிடாதடா."

"ஏன்?"

"அன்னைக்கு ரேடியோ மேஜையை நமக்கு எதிர்ப்பக்கம் போட்டிருந்தாங்க. நம்ம ஊர்க்காரங்க மொத்தமா உக்காந்த பக்கத்துல இருந்து பாத்தா அது வலது மூலை. இடதுன்னு சொன்னது ரேடியோ மட்டும்தான்."

டெல்மருக்குக் காது சூடானது. "உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"நீ முதல்தடவை சொன்னப்பவே."

"கேட்டிருக்கலாமேடா."

"கேட்டு? எனக்கு முன்னால ஒரு தொப்பிக்காரன் எந்திரிச்சு நின்னுட்டான். பந்து விழுந்ததை நான் பாக்கவே இல்ல. ரெண்டு தட்டு தட்டுச்சுன்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்." ராய்ஸ் காபியை உறிஞ்சினார். "சரி, அன்னைக்கு எங்கடா இருந்தீங்க, நீயும் ஆர்லீனும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் இடைவேளை மணி அடித்தது. வாப்சி நான்கு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. மார்லிஸ் போனை நீட்டினாள். யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். கடை அவர் வாயையே பார்த்தது.

"நான் டெல்மர் பேசறேன்" என்றார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அன்னைக்கு நான் மண்டபத்துல இல்ல."

பள்ளம், டிராக்டர், பெட்ரோல் பங்க் என்று வரிசையாகச் சொன்னார். கோட்டுக்குள் நுழைந்த பாதங்களையும் விடவில்லை. ஹாரன் சத்தத்துக்குப் பங்க்காரர் கையில் ஸ்பானரோடு ஓடிவந்ததைச் சொன்னபோது கடை சிரித்தது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"தபால்காரர் சொன்னா நம்பலாம்னு எங்கப்பா சொல்வாரு" என்றாள் மார்லிஸ். கோப்பையை விளிம்புவரை நிரப்பிவிட்டுப் போனாள்.

வாப்சி மூன்று பாயிண்டில் தோற்றது. ஒல்லிப் பயல் கடைசியாக விட்ட பந்து வளையத்தைச் சுற்றி வெளியே போனது.

"வலது மூலையில இருந்து விட்டான், பாத்தியா" என்றார் ராய்ஸ்.

"ரேடியோவுல இடதுன்னாங்க."

பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "டெல்மர், நீங்க போன்ல பேசறப்ப நான் பாத்ரூம்ல இருந்தேன். ஏதோ ஹாரனாமே, யாரு அடிச்சது?"

"ஆர்லீன்" என்றார் டெல்மர். கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, பள்ளத்திலிருந்து ஆரம்பித்தார்.