ஈர வயலுக்கு எந்தச் சக்கரம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் சரக்கு இல்லை. பக்கத்துக் கேரவனிலிருந்து எடுத்தது. அதன் சொந்தக்காரி கிளெனிஸிடம் அனுமதியும் கேட்கவில்லை.

(கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஏறி உட்காரும் வண்டியை நினைக்காதீர்கள். இது காரின் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் இரண்டு சக்கர வீடு. காரைக் கழற்றினால் முன்பக்கம் தரையில் குத்தும். அதைத் தாங்க மூக்கடியில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. ஜாக்கி வீல்.)

ஹெரிஃபோர்டு என்ற ஆங்கிலேய ஊருக்குப் பக்கத்தில், ஓர் ஆற்றங்கரை வயலில், பதினொரு வருடமாக, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை எனக்கும் அப்படியொரு வீடுதான். அக்டோபர் கடைசி நாள் நண்பகலுக்குள் எல்லோரும் நகர்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆறு வயலுக்குள் வந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: ‘கிளெனிஸ் ப்ரோபர்ட்டின் கணவர் ஹெட்லி பிப்ரவரியில் இறந்தபோது வயலில் இன்னும்...’

அடித்துவிட்டேன். சாவில் தொடங்கினால் நீங்கள் உடனே பேயைத் தேட ஆரம்பிப்பீர்கள்.

இரண்டாவது: ‘கிளெனிஸ் கேரவனை விற்றுவிட்டாள். மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள். வாங்கியவர்கள் பன்னிரண்டு மணிக்கு வயலின் கேட்டருகே காரோடு நிற்பார்கள். கார் வயலில் இறங்கினால் சேற்றில் மாட்டும். ஆகவே கேட் வரை கேரவனைக் கையால் தள்ள வேண்டும்.’ இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

அக்டோபர் கடைசி நாள், காலை பத்து மணி, தூறல். ஹெட்லி மாட்டியிருந்த பழைய மூக்குச் சக்கரம், ஒல்லியான கெட்டி ரப்பர், அச்சுவரை மண்ணுக்குள் போயிருந்தது.

எதிர்வரிசை கிளைவ் இரண்டு சக்கரங்களோடு வந்தார். யார் என்ன செய்தாலும் தப்பு என்று சொல்வதற்கே பிறந்த மனிதர். (இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் சக்கரம் மாட்ட ஆளில்லை.)

“இந்த ஒல்லிக்குச்சிய வெச்சுத் தள்ளுனா, கேக்குல கத்தி எறங்குற மாதிரி எறங்கும். காத்தடிச்ச குண்டு டயர் போடு கிளெனிஸ். மண்ணு மேலயே உருண்டு போகும்.”

“அந்த இன்னொண்ணு?”

“ரெட்டைச் சக்கரம். நேராப் போகும். திருப்புனா மண்ண வாரிக்கிட்டு நிக்கும். நீ கேட்டுப் பக்கம் திருப்பணும்ல?”

“நாப்பது வருஷம் ஹெட்லி இத வெச்சுத்தான் சமாளிச்சாரு.”

“நாப்பது வருஷமும் மாட்டிக்கிட்டுத்தான் நின்னாரு. மொதல்ல மூக்கு எடையப் பாப்போம்.”

குளியலறைத் தராசைப் பலகையில் வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேரவனின் மூக்கை அதில் இறக்குவது இங்கே வழக்கம். சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கிளெனிஸ் முந்தின நாளே எடுத்துவிட்டாள். அறுபது கிலோவுக்குள் இருக்க வேண்டும். முள் நூற்றுப் பத்தில் நின்றது.

கிளைவ் நிமிரவேயில்லை. “யாரோ முன் சீட்டுல ஒக்காந்து டீ குடிக்கிறீங்க. எறங்குங்கப்பா.”

“கிளைவ்,” என்றேன், “நாங்க ரெண்டு பேரும் உங்க பின்னாடிதான் நிக்கிறோம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கேரவனைப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. முன் ஜன்னலில், வலது ஓரத்தில் மட்டும், உள்பக்கம் மூச்சுப்பட்டதுபோல் ஆவி படிந்திருந்தது.

கிளெனிஸ் ஜன்னலருகே போனாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “ஹெட்லி, கொஞ்சம் பின்னாடி போய் ஒக்காருங்க. வண்டிய நகத்தணும்.”

முள் மெதுவாக இறங்கி ஐம்பத்தெட்டில் நின்றது.

4

இங்கே என் பேனா நின்றுவிட்டது. எந்தச் சக்கரத்தை மாட்டுவது?

ஒல்லியை விட்டுவைத்தால் வண்டி நகராது, நண்பகல் தாண்டும், ஆறு வரும். குண்டு டயரை மாட்டினால் சுலபமாகப் போய்விடும். ஆனால் ஹெட்லியும் சேர்ந்து, முன்பின் தெரியாதவர்களோடு போய்விடுவார்.

கிளெனிஸுக்கும் அது உறைத்திருந்தது. என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

“நீ கதை எழுதுறவன்தானே. எறங்கச் சொன்னா எறங்குவாரா?”

“தெரியல கிளெனிஸ்.”

“கண்டவங்களோட அவர எப்படி அனுப்புவேன்?”

முடிவு ஒன்று: ‘ஹெட்லி இறங்கினார்.’ மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் மறுநாள் தாளில் அந்த வரி மட்டும் இல்லை. நானே அழித்திருப்பேன். அழித்ததாக நினைவில்லை.

முடிவு இரண்டு: ‘விற்பனை வேண்டாமென்று கிளெனிஸ்...’ இது பொய். மகள் வீட்டில் அவளுக்கு அறை தயாராகிவிட்டது. அங்கே கேரவனுக்கு இடமில்லை.

5

நடந்ததைச் சொல்கிறேன். கிளைவ் குண்டு டயரை மாட்டினார். தள்ளினோம். அவர் சொன்னபடியே சேற்றுமேல் உருண்டு போனது. கிளெனிஸ் ஜன்னலை ஒட்டியே நடந்துவந்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கேட்டை அடைந்தோம். வாங்கியவர்கள் சிரித்தபடி காரைப் பின்னால் எடுத்தார்கள்.

கிளெனிஸ் கைபிரேக்கைப் போட்டாள். பூட்டைத் திறந்து, கதவை அகலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஹெட்லி,” என்றாள். “நான் கெளம்பணும். நீங்க வரீங்களா, நான் உள்ள வரவா?”

நான் பயந்தாங்கொள்ளி. அதற்குமேல் பார்க்காமல் என் கேரவனுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கிளைவைக் கேட்டால் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறார்.

ஆகவே மிச்சம் உங்களுடையது. அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் எழுதுங்கள். அவர்கள் கொக்கியை மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.