பணியாரம் தீர்ந்ததும் நிறுத்தவும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. மதுரையில் ஒரு நிறுவனத்துக்கு மாதம் நான்கு கட்டுரை எழுதிக் கொடுக்கிறேன். அதில் என் பெயர் வராது. மார்ச் மாதத்துக்கு வந்த தலைப்பு: 'உங்கள் வலைத்தளத்துக்கு ஏற்ற விளம்பர மேலாண்மை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' எண்ணூறு சொல். உதாரணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அடியில் எழுதியிருந்தார்கள்.

உதாரணத்துக்காகப் போடிநாயக்கனூருக்குப் போன் போட்டேன். காலேஜில் எனக்கு இரண்டு வருடம் மூத்த பியூலா அங்கே ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறாள். கூடவே ஒரு வலைத்தளமும் நடத்துகிறாள். சமீபத்தில் மூன்று மென்பொருளைப் பார்த்து ஒன்றை எடுத்தோம் என்றாள். எப்படி எடுத்தீர்கள் என்றேன். ஆயம்மாள் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"போன்ல சொன்னா ஒனக்கு வெளங்காது சிவரஞ்சனி. வந்துட்டுப் போ."

போனேன். கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டேன், அது வெளிவந்தும்விட்டது. அதில் அடங்காமல் மிஞ்சியதுதான் இது.

2

எழுதி, விட்டுவிட்ட தொடக்கங்கள்:

அ) பனி மூடிய மலையின் மடியில், ஏலக்காய் மணக்கும் ஒரு சிற்றூரில்

(மேலே போகவில்லை. போடியில் அன்றைக்கு வெயில் கொளுத்தியது. மணந்தது டீசல்.)

ஆ) ஆயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லிப் பானையை இறக்கினாள். அவளுக்கென்று இந்த உலகத்தில்

(இதை ஆளைப் பார்ப்பதற்கு முன்பே, உசிலம்பட்டி தாண்டி பஸ்சில் வைத்து எழுதினேன். மறுநாள் அவளிடமே வாசித்துக் காட்டினேன். "நான் எதுக்குத்தா அழணும்? பொகைக்குக்கூட அழமாட்டேன். கேஸ் அடுப்புல்ல" என்றாள். அத்தோடு அந்த ஆயம்மாளைக் கிழித்துப் போட்டேன். இனி வரப்போவது அசல் ஆயம்மாள்.)

இ) பியூலாவின் வலைத்தளத்தின் பெயர் மலைரோடு.

இதுதான் சரி. இதிலிருந்து போகிறேன்.

3

பியூலாவின் வலைத்தளத்தின் பெயர் மலைரோடு. ஏலத்தோட்டங்களிலிருந்து அவள் கடைக்கு மூட்டை வரவேண்டும் என்றால் போடிமெட்டு ரோடு திறந்திருக்க வேண்டும். அதனால் எந்த வளைவில் மண் சரிந்தது, எங்கே மரம் விழுந்தது என்று டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்குத் தெரியும் என்பதால் ஊரில் பாதிப் பேர் அவளைக் கேட்டார்கள். ஒருநாள் காலையில் நாற்பது போன் வந்ததும், இதற்கு ஒரு வழி பண்ணு என்று முத்துப்பிரியாவிடம் சொன்னாள்.

முத்துப்பிரியா சிலமலைக்காரி. அப்பா அம்மா விவசாயம். இருபத்தேழு வயது, கம்ப்யூட்டர் படித்துவிட்டு பியூலா கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாளில் மலைரோட்டைச் செய்துவிட்டாள். உள்ளே ஒரே ஒரு வரிதான்: ரோடு எப்படி இருக்கிறது. கீழே அடுத்த ஜீப்பு எப்போது. தினமும் விடியுமுன்னே தோட்ட வேலைக்கு ஜீப்பில் மேலே போகிற பெண்கள், டிரைவர்கள், வியாபாரிகள் என்று ஒரு வருடத்தில் ஆறாயிரம் பேர் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதன் செலவும் முத்துப்பிரியாவின் சம்பளமும் கடையிலிருந்தே போயின. அந்த நேரத்தில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் இதை பியூலாவிடம் சொல்லவில்லை. பியூலாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, நம்ம சைட்டில் விளம்பரம் போடலாம், அதற்கு ஒரு நல்ல சாப்ட்வேராகப் பார் என்று மட்டும் சொன்னாள்.

4

முதல் மென்பொருள் இலவசம். ஒரு துண்டு நிரலை ஒட்டினால் போதும், விளம்பரங்கள் தானாக வரும். யாருடையது, எப்போது, எவ்வளவு பெரிதாக என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை ஒட்டினார்கள். செவ்வாய்க்கிழமை பதினோராவது வளைவில் மரம் விழுந்தது. முத்துப்பிரியா உடனே போட்டுவிட்டாள். ஆனால் அந்த வரியின்மேல் ஒரு கடற்கரை ஓட்டல் வந்து திரை முழுக்க உட்கார்ந்துகொண்டது. மூட வேண்டிய பெருக்கல் குறி கடுகளவு. ஆடிக்கொண்டே போகிற ஜீப்பில் அதைத் தொட முடியாது. தொட்டால் ஓட்டலின் அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் காய் எடுக்கிற மருதாயி இருந்த ஜீப்பு விழுந்த மரத்துக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் நின்றது. அன்றைய வேலை போயிற்று. இறங்கி வந்தவள் நேராகக் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று இருவரும் எழுந்து நின்றார்கள்.

"ரூம்பெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் மருதாயி. "பெட்டு, பேனு, சன்னலுக்கு வெளிய கடலு, எல்லாம் பாத்துட்டேன். ஆனா எனக்கு மரத்தையில்ல காட்டியிருக்கணும்."

அவள் படி இறங்குவதற்குள் முத்துப்பிரியா அந்த நிரலைப் பிடுங்கிவிட்டாள்.

(எண்ணூறு சொல் கட்டுரையில் இதை 'பயனர் அனுபவத்துக்கு முன்னுரிமை கொடுங்கள்' என்று எழுதினேன். மருதாயி என்னை மன்னிக்கட்டும்.)

5

இரண்டாவது, பெரிய கம்பெனியின் மென்பொருள். பத்து நாள் இலவசமாகப் பார்க்கலாம். திறந்தால் விமானம் ஓட்டுகிற ஆளுக்கு முன்னால் இருப்பதுபோல அத்தனை பொத்தான். கற்றுக்கொடுக்க ஜெகதீஷ் என்று ஒருவன் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தான். பொறுமைசாலி. சோதனைக்கு ஏதாவது ஒரு விளம்பரம் எழுதிப் பாருங்கள், எதுவானாலும் சரி, யாருக்கும் தெரியாது என்று அதே செவ்வாய்க்கிழமை மாலை சொன்னான்.

முத்துப்பிரியா மத்தியானம் சாப்பிடவில்லை. ஆகவே எழுதினாள்:

ஜீப்பு ஸ்டாண்டு ஆயம்மாள் கடையில் சுடச்சுடப் பணியாரம்.

ஆயம்மாள் ஜீப்பு ஸ்டாண்டில் தள்ளுவண்டி போட்டிருப்பவள். பதினெட்டு வருடமாக விற்பது இட்லியும் சட்னியும். பணியாரம் விற்றதே கிடையாது. முத்துப்பிரியாவின் வாய்க்குத் தோன்றியது, கை எழுதிவிட்டது.

அழுத்த வேண்டியது 'பார்வையிடு'. அவள் அழுத்தியது அதற்குப் பக்கத்தில் இருந்த 'வெளியிடு'.

(இங்கே கொஞ்சம் சந்தேகப்பட்டேன். நிஜமாகவே தவறுதலா என்று அவளிடம் கேட்டேன். "அக்கா, ரெண்டு பட்டனும் நீலம்" என்றாள். நம்புகிறேன்.)

6

புதன்கிழமை விடியக்காலையில் பியூலாவின் போன் அடித்தது. ஆயம்மாள்.

"ஏம்மா, என் கடையில பணியாரம் இருக்காம்ல? எனக்கே தெரியாதே."

பியூலா மலைரோட்டைத் திறந்து பார்த்தாள். ரோட்டு வரிக்குக் கீழே பணியாரம் மின்னிக்கொண்டிருந்தது. முத்துப்பிரியாவை எழுப்பினாள். அவள் விளம்பரத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடி அழுத்தினாள். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, ஆறு மணி நேரம் ஆகலாம்' என்று வந்தது. அண்ணனின் பைக்கில் ஏறி சிலமலையிலிருந்து பறந்து வந்தாள்.

ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐம்பது பேர் நின்றார்கள். எல்லாரும் திட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் பைக்கிலிருந்து இறங்கினாள். ஆனால் வண்டி அடுப்பில் பணியாரக் கல் ஏறியிருந்தது. பின்தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி வாங்கி வந்திருந்தாள் ஆயம்மாள். இட்லி மாவிலேயே வெங்காயம், மிளகாய், கடுகு தாளித்துக் கொட்டிக் குழியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீதான எழுதுன? நிக்காத. வெரசா வெங்காயத்த உரி. அந்தக் குச்சியக் கொண்டா."

முத்துப்பிரியா வெங்காயம் உரித்தாள். பியூலா கடைக்கு உடுத்திய சேலையோடே வந்து இலை எடுத்து வைத்தாள். திருப்பிப் போட ஆள் போதவில்லை, ஒரு டிரைவர் குனிந்து திருப்பினார். இருட்டு வெளுக்கும்போது அந்த இடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது என்று பியூலா சொன்னாள். பதினெட்டு வருடத்தில் இட்லி வாங்கும்போது எவரும் சொல்லாத ஒன்றை அன்றைக்கு ஆயம்மாளிடம் நாலைந்து பேர் சொன்னார்களாம்: கை மணக்குது.

ஐந்தே முக்காலுக்கு மாவு தீர்ந்தது.

விளம்பரம் தீரவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு ஜீப்பிலிருந்து எட்டுப் பெண்கள் இறங்கி, வெறும் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறினார்கள். அதில் மருதாயியும் இருந்தாள். ஏறிக்கொண்டே சிரித்தபடி சொன்னாள்:

"பணியாரம் இருக்குன்னு போட்டாங்க, இல்ல. ரோடு இருக்குன்னு போட்டா மட்டும் இருக்கவா போவுது?"

ஜீப்பே சிரித்தது. முத்துப்பிரியாவும் சிரித்தாள். பியூலா மட்டும் சிரிக்கவில்லை.

7

அன்று பகல் ஜெகதீஷ் வீடியோவில் வந்தபோது பியூலாவே உட்கார்ந்தாள். எத்தனை பேரைச் சென்றடையும், எந்த வயதுக்காரர் எதைப் பார்ப்பார் என்று அவன் ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தம்பி, ஒன்னே ஒன்னுதான் கேக்கணும். பணியாரம் தீந்துபோச்சுன்னா உங்க சாப்ட்வேருக்கு எப்பத் தெரியும்?"

ஜெகதீஷ் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். காலையில் நடந்ததை அவள் முழுதாகச் சொன்னாள். பணியாரத்தில் பொய் வந்தால் ரோட்டிலும் பொய் என்றுதான் நினைப்பார்கள், அப்புறம் இந்தப் பக்கம் எதற்கு என்றாள். அவன் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வந்து உண்மையைச் சொன்னான். எந்த மாற்றமும் பரிசீலனைக்குப் போய்த்தான் வரும், ஆறு மணி நேரத்துக்குக் கீழே குறைக்க முடியாது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், நான் இதச் சொல்லக்கூடாது. உங்களுக்கு எங்களோடது வேண்டாம். சின்னதா ஒன்னு இருக்கு. பேரு அனுப்புறேன்."

(அவன் வேலைக்கு இதனால் ஆபத்து வருமோ என்று பயந்து, முதலில் எழுதியதில் அவனை நீக்கிவிட்டு, அந்த மூன்றாவது மென்பொருளை முத்துப்பிரியாவே தேடிக் கண்டுபிடித்ததாக எழுதினேன். பியூலா ஒத்துக்கொள்ளவில்லை. நல்லது செஞ்சவனை எதுக்கு எடுக்குற, பேரை வேணும்னா மாத்து என்றாள். மாற்றிவிட்டேன்.)

8

மூன்றாவது மென்பொருள் நான்கு பேர் சேர்ந்து செய்தது. அலங்காரம் இல்லை. விளம்பரம் ஒரு வரியாக மட்டும் வரும். ரோட்டு வரிக்குக் கீழேதான் நிற்கும், மேலே ஏற முடியாது. முக்கியமாக, விளம்பரம் கொடுத்தவரின் போனிலேயே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் அந்த நொடியே நிற்கும்.

அந்தப் பொத்தானை ஆயம்மாளின் போனில் வைத்துக் கொடுத்தார்கள். முதல் நாள் அவள் அதை ஏழு முறை அழுத்தினாள். நிறுத்துவாள், பக்கத்து ஆளின் போனை வாங்கி மறைந்துவிட்டதா என்று பார்ப்பாள், திரும்பப் போடுவாள். சோலியைப் பாருக்கா என்று டிரைவர்கள் கெஞ்ச வேண்டியதாயிற்று.

இப்போது செவ்வாய், வெள்ளி காரப் பணியாரம். ஞாயிற்றுக்கிழமை இனிப்பு, அதற்கு ஏலக்காய் பியூலா கடையிலிருந்து போகிறது. ஆயம்மாளைப் பார்த்து பஞ்சர் கடைக்காரர் வந்தார், மழைக்கோட்டு விற்பவர் வந்தார், குரங்கணியில் அறை வாடகைக்கு விடுகிறவர் வந்தார். எல்லாருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பொத்தான். இருப்பது இருக்கிறவரை தெரியும், தீர்ந்தால் மறையும். மலைரோட்டின் செலவு இப்போது மலைரோட்டிலிருந்தே போகிறது.

9

என் கணக்கில் கதையின் உச்சம் இங்கேதான் வரவேண்டும். ஆகவே இப்படி எழுதியிருந்தேன்: எல்லாம் நல்லபடியாக முடிந்ததைப் பார்த்து முத்துப்பிரியா, கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று பதில் எழுதினாள்.

அவள் படித்துவிட்டு, இது தப்பு என்றாள்.

"நான் புதன்கெழமையே எழுதிட்டேன்க்கா."

புதன்கிழமை பணியாரம் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது மென்பொருளின் பெயர்கூட அப்போது தெரியாது. விளம்பரம் ஒன்றும் வந்திருக்கவில்லை. பிறகு எந்தத் தைரியத்தில் எழுதினாய் என்று கேட்டேன். மாவு ஒட்டிய கையோடு, ஸ்டாண்டிலேயே, ஜீப்புகளெல்லாம் கிளம்பிப் போனபிறகு எழுதினாளாம்.

"நான் எழுதுன ஒரு வரிய அன்னிக்கி அம்பது பேரு நின்னு தின்னாங்க. அதப் பாத்தபெறகு எப்படிப் போறது?"

நான் பதினான்கு வருடமாக எழுதுகிறேன். என் வரி ஒன்றையும் இதுவரை யாரும் தின்றதில்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பியூலா அவளைப் பார்த்து, புதன்கிழமையே எழுதிவிட்டு வெள்ளிவரைக்கும் என்னை ஏன்டி தவிக்கவிட்டாய் என்றாள். நீங்க கேக்கவே இல்லையே என்றாள் முத்துப்பிரியா. இருவரும் என்னை மறந்துவிட்டு வெகுநேரம் சிரித்தார்கள்.

10

ஆக, முடித்துவிடலாம். முடியவில்லை.

நான் கிளம்புகிற அன்று முத்துப்பிரியா போனை நீட்டினாள். புது மென்பொருளில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் கிடக்கிறது. எல்லாரும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டபிறகு, ஒரு விளம்பரமும் இல்லாத நேரத்தில், ரோட்டு வரிக்குக் கீழே என்ன காட்டுவது? நாற்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும். நீதானே எழுதுகிறவள், எழுதிவிட்டுப் போ என்றாள் பியூலா.

எழுதினேன்.

இன்றைய பணியாரம் தீர்ந்தது. (ஆயம்மாள்: "மலை ஏறப்போறவுககிட்ட இல்லன்னா சொல்லுவாக?")

பத்திரமாகப் போய்வாருங்கள். (பியூலா: "அது வளைவுக்கு வளைவு போர்டுல இருக்கு.")

உங்கள் விளம்பரம் இங்கே. (முத்துப்பிரியா உடனே அழித்துவிட்டாள்.)

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. மதுரை வரை யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன், வரவில்லை. ஆகவே உங்களிடம் விட்டுவிடுகிறேன். படிக்கப்போகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு ஜீப்பில் பதின்மூன்று பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். ரோடு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டார்கள். அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும். அதற்குள் கண் கீழே இறங்கும்.

நாற்பது எழுத்து. கடைசி ஈடு வெந்துகொண்டிருக்கிறது, ஆயம்மாள் விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

[                                        ]